கட்டுப்பாட்டுக் குழு: உளச்சிகிச்சை ஆய்வில் ஒரு கலைச்சொல்லும் அதன் வகைகளும்

ஓர் உளச்சிகிச்சை பயன் தருகிறதா என்னும் வினா தன்னளவில் நிறைவு பெற்றதன்று. எதனோடு ஒப்பிடும்போது பயன் தருகிறது என்பதும் உடன் கூறப்பட்டாலன்றி அவ்வினாவுக்கு விடை இல்லை. சிகிச்சை பெற்றோரோடு ஒப்பிடுவதற்கென அமைக்கப்படும் மக்கள் தொகுதியே ஆங்கிலத்தில் ‘கண்ட்ரோல் குரூப்’ எனப்படுகிறது. தமிழ்ப் பாடநூல்களில் அது ‘கட்டுப்பாட்டுக் குழு’ என வழங்குகிறது. இத்தொகுதி ஒரே தன்மையது அன்று. ஓர் ஆய்வில் அது எதுவும் பெறாதோர் கூட்டம். மற்றோர் ஆய்வில் காத்திருப்போர் கூட்டம். வேறோர் ஆய்வில் மற்றொரு முழுச் சிகிச்சையைப் பெற்றோர் கூட்டம். ஆய்வின் முடிவு எதை உணர்த்துகிறது என்பது இவ்வேறுபாட்டைப் பொறுத்தது. அவ்வாறிருக்க, எல்லா இடத்தும் ஒரே தொடரைப் பெய்து மொழிபெயர்க்கும் வழக்கம் முடிவுகளின் பொருளை மறைத்துவிடுகிறது. இக்கட்டுரை அவ்வகைகளையும், அவற்றைத் தமிழில் பெயர்க்குமிடத்து எழும் சிக்கல்களையும் ஆராய்கிறது.

பெயரிடுவதில் நேரும் பிழை ஒரு துறையையே எவ்வாறு கலக்கும் என்பதற்கு ஐசங்கின் 1952ஆம் ஆண்டுக் கட்டுரை தக்க சான்று. 7,000க்கும் மேற்பட்ட நோயாளரைப் பற்றிய அறிக்கைகளைத் தொகுத்த அவர், உளப்பகுப்பாய்வு பெற்றோரில் 44 விழுக்காட்டினரும், பல்முறை கலந்த சிகிச்சை பெற்றோரில் 64 விழுக்காட்டினரும் தேறினர் என்றும், முறையான உளச்சிகிச்சை பெறாதோரில் 72 விழுக்காட்டினர் தேறினர் என்றும் கணக்கிட்டார். உளச்சிகிச்சையால் பயன் உண்டென்பதற்குச் சான்றில்லை என்பது அவர் முடிவு. ஆயின் அந்த ‘சிகிச்சை பெறாதோர்’ யாவர்? ஒரு பகுதியினர் அரசு மருத்துவமனைகளில் தங்கி வெளியேறியோர். மற்றொரு பகுதியினர் இயலாமைக் காப்பீடு பெற்றுப் பொது மருத்துவரிடம் மருந்தும் ஆறுதலும் பெற்றுவந்தோர். இவர்களைச் சிகிச்சை பெறாதோர் என்றது பெயரளவில்தான் பொருந்தும். இவர்கள் ஐசங்கு அமைத்த குழுவினரும் அல்லர். வேறு நோக்கத்திற்காக வேறு காலத்தில் திரட்டப்பட்ட கணக்குகளிலிருந்து எடுக்கப்பட்டோர். அக்கட்டுரை எழுப்பிய பூசலிலிருந்துதான், ஒப்பிடுவதற்குரிய குழுவை ஆய்வுக்குள்ளேயே அமைத்துக்கொள்ள வேண்டும் என்னும் கருத்து உளச்சிகிச்சைத் துறையில் வலுப்பெற்றது எனலாம்.

சொல்லின் வரலாறு

‘கண்ட்ரோல்’ என்னும் ஆங்கிலச் சொல் இடைக்கால இலத்தீனின் ‘கோந்த்ராரோத்துலுஸ்’ என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘எதிர்ச்சுருள்’ என்பது அதன் நேர்ப்பொருள். கணக்கர் ஒரு சுருளில் வரவு செலவு எழுத, அதன் படியை வேறொருவர் தனிச் சுருளில் வைத்திருந்து இரண்டையும் ஒத்துப்பார்ப்பார். ஆகவே இச்சொல்லின் முதற்பொருள் சரிபார்த்தல். அடக்கி ஆளுதல் என்பது பின்னர் வளர்ந்த பொருள். அறிவியல் ஆய்வில் இது வழங்குவது பெரிதும் அப்பழைய பொருளிலேயாம். ஒரு குழுவில் கண்ட மாற்றம் உண்மையில் சிகிச்சையால் விளைந்ததா எனச் சரிபார்க்க உதவும் எதிரேடுதான் மற்றைக் குழு.

தமிழ்ச்சொல் பின்னைய பொருளைப் பற்றிக்கொண்டது. இந்தியில் ‘நியந்திரண’, தெலுங்கில் ‘நியந்த்ரண’ என வழங்குவனவும் அடக்குதற் பொருளையே தருவதால் இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. எனினும் தமிழில் ‘கட்டுப்பாடு’ என்னும் சொல்லுக்கு உள்ள சுற்றம் தனித்தன்மை உடையது. விலைக் கட்டுப்பாடு, குடும்பக் கட்டுப்பாடு, ஊர்க் கட்டுப்பாடு என்பன அதன் உடன்பிறப்புகள். ஊர்க் கட்டுப்பாடு என்பதோ ஒருவரை ஊரார் விலக்கிவைப்பதையும் குறிக்கும். ‘நீங்கள் கட்டுப்பாட்டுக் குழுவில் சேர்க்கப்படலாம்’ என்று ஒப்புதல் படிவத்தில் படிக்கும் ஒருவர், தம்மை எதிலோ அடைத்துவைக்கப் போகிறார்கள் எனக் கருதினால் அது அவர் குற்றமன்று.

‘ஒப்பீட்டுக் குழு’ என்பது இதனினும் தெளிவானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதிலும் ஓர் இடர் உண்டு. ஆங்கில ஆய்வுநூல்களில் ‘கம்பேரிசன் குரூப்’ என்னும் தொடர் தனியே வழங்குகிறது. சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்படாத குழுவையோ, வேறொரு சிகிச்சை பெறும் குழுவையோ குறிக்கச் சிலர் அதனைக் கையாள்வர். இரண்டு தொடரும் ஒரே கட்டுரையில் வருமாயின் மொழிபெயர்ப்பாளர் திணற நேரும். பாடநூல்களில் வேரூன்றிவிட்ட ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்பதைப் பொதுப்பெயராக வைத்துக்கொண்டு, அக்குழு என்ன பெற்றது என்பதை உணர்த்தும் அடைமொழி இன்றி அதனை எங்கும் எழுதாதிருப்பதே நடைமுறைக்கு ஒத்தது.

சமவாய்ப்பும் குலுக்கலும்

இருவேறு குழுக்கள் ஏன் வேண்டும் என்பதைச் சுருங்கக் கூறலாம். மனத்துயரங்கள் பல தாமே தணியும் இயல்பின. மக்கள் துயரத்தின் உச்சத்திலேயே சிகிச்சையை நாடுகின்றனர் ஆதலின், எதுவும் செய்யாவிடினும் சில வாரங்களில் சற்று இறக்கம் காணப்படும். உதவி கிடைக்கப் போகிறது என்னும் நம்பிக்கையும் ஓரளவு நலம் தரும். இவை அனைத்தும் இரு குழுக்களிலும் ஒத்திருந்து, சிகிச்சை மட்டும் ஒன்றில் இருக்குமாயின், எஞ்சும் வேறுபாட்டைச் சிகிச்சைக்கு உரியதாக்கலாம்.

இவ்வொத்த நிலையைப் பெறுவதற்கே யார் எக்குழு என்பதை எவர் விருப்பத்திற்கும் விடாது வாய்ப்புக்கு விடுகின்றனர். இதனைக் குறிக்கும் ‘சமவாய்ப்பு’ என்னும் புள்ளியியற் சொல், பொதுவழக்கில் வேலைவாய்ப்பு முதலியவற்றில் அனைவர்க்கும் சமஉரிமை என்று பொருள்படுவதால் படிவத்தில் குழப்பம் விளைக்கும். ‘குலுக்கல்’ எளிய சொல். ஆனால் குலுக்கலில் பரிசு விழும். ஒரு குழுவினர் வென்றோர், மற்றவர் தோற்றோர் என்னும் எண்ணம் அச்சொல்லோடு ஒட்டி வருகிறது. எது மேலானது என்பது தெரியாமையாலேயே ஆய்வு நடைபெறுகிறது என்பதை அது மறைக்கும். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) கூறும் குடவோலை முறை இங்கு நினைக்கத்தக்கது. பலர் காணக் குடத்திலிருந்து ஓலையை ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்ததன் நோக்கம், ஓலை எடுப்பவரின் விருப்பம் முடிவைத் தொடக்கூடாது என்பதே. பகிர்வைத் தீர்மானிப்பவர்க்கு அடுத்து வருவது எது என்பது முன்னரே தெரிதல் ஆகாது என இன்றைய ஆய்வுநெறி விதிப்பதும் இதே கவலையால்தான். ஆனால் குடவோலை பதவிக்கு உரியவரைத் தேர்ந்தது. சமவாய்ப்புப் பகிர்வு யாரையும் தேர்வதில்லை. இரு கூட்டங்களைத் தம்முள் ஒத்தவையாக்குவதே அதன் பணி.

காத்திருப்போர்

சிகிச்சை எதுவும் தராத குழுவே வகைகளுள் எளியது. உதவி நாடி வந்தோரை வெறுங்கையோடு அனுப்புவது அறமன்று என்பதால் அதன் பயன்பாடு அரிது. அதற்கு மாற்றாகத் தோன்றியதே காத்திருப்புக் குழு. ரோஜர்ஸும் டைமண்டும் 1954இல் வெளியிட்ட சிக்காகோ ஆய்வில் ஒரு சாராரை 60 நாள் காத்திருக்கச் செய்து, அக்காலத்து மாற்றத்தைச் சிகிச்சைக் காலத்து மாற்றத்தோடு ஒப்பிட்டனர். இன்று உளச்சிகிச்சை ஆய்வுகளில் மிகுதியாகக் காணப்படும் அமைப்புகளுள் இதுவும் ஒன்று. செலவு குறைவு, ‘அனைவர்க்கும் முடிவில் சிகிச்சை உண்டு’ என்று உறுதி கூறவும் இயலும்.

இந்திய மொழிபெயர்ப்பாளர்க்கு இங்கே தொடர்வண்டி குறுக்கிடுகிறது. ‘காத்திருப்போர் பட்டியல்’ என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருவது பயணச்சீட்டு முன்பதிவு. அப்பட்டியலில் உள்ளவர்க்கு இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இறுதிப் பட்டியல் ஆயத்தமான பின்னும் இடம் உறுதியாகாத இணையவழிச் சீட்டு தானே நீங்கிவிடும். ஆய்வின் காத்திருப்புக் குழுவிலோ சிகிச்சை உறுதி. நாள் மட்டுமே பிந்தியது. எனவே படிவத்தில் ‘காத்திருப்போர் பட்டியல்’ என எழுதுவது பொருளைத் தலைகீழாக்கக்கூடும். ‘பின்னர்ச் சிகிச்சை பெறும் குழு’ என்பது அழகில் குறைந்தாலும் பொய் சொல்வதில்லை.

ஆயினும் சிக்கல் சொல்லோடு முடிந்துவிடவில்லை. காத்திருப்பவர் வெறுமனே காலம் கழிப்பவர் அல்லர். தமக்கு உதவி வரவுள்ளது எனக் கருதித் தாமாக எடுக்கக்கூடிய முயற்சிகளையும் அவர் ஒத்திப்போடுதல் கூடும். மட்டுமீறிக் குடிப்போரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்று இதனை நேராகவே சோதித்தது. இரு சாரார்க்கும் ஒரே குறிப்பேடுகள் வழங்கப்பட்டன. ஒரு சாராரிடம் ‘நீங்கள் சிகிச்சைக் குழுவில் உள்ளீர்கள்’ என்றும், மற்றவரிடம் ‘நீங்கள் காத்திருப்போர்’ என்றும் கூறப்பட்டது. காத்திருப்போர் எனச் சொல்லப்பட்டவர்கள் குடியைக் குறைத்தது குறைவு. பெற்ற பொருள் ஒன்று; வேறுபட்டது ஒரு வாக்கியம். படிவத்தின் வாக்கியமே ஆய்வின் முடிவில் பங்கேற்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று மொழியியலார்க்குக் கிடைப்பது அரிது. மனச்சோர்வுக்கான ஆய்வுகளைத் தொகுத்து ஃபுருக்காவாவும் பிறரும் 2014இல் எழுதிய கட்டுரையும், காத்திருப்பு என்பது எதுவும் தராமையினும் தீய விளைவுடையதாக இருக்கலாம் எனச் சுட்டியது. அவ்வாறாயின், காத்திருப்புக் குழுவோடு ஒப்பிடப்பட்ட சிகிச்சை தன் உண்மை ஆற்றலினும் பெரிதாகத் தோன்றும்.

எதிர்த்திசையில் அமைந்த சான்றொன்றும் தமிழ் நிலத்திலிருந்தே கிடைக்கிறது. இலங்கையின் வடபகுதியில் போரால் பாதிக்கப்பட்ட பள்ளிச் சிறாருக்கென நடத்தப்பட்ட குழுச் செயற்பாட்டுத் திட்டம் ஒன்றின் முடிவுகள் 2012இல் வெளியாயின. டோலும் அவருடைய உடனாய்வாளரும் 399 சிறாரைச் சிகிச்சைக் குழுவாகவும் காத்திருப்புக் குழுவாகவும் பிரித்திருந்தனர். நடத்தைச் சிக்கல்களில் சிகிச்சைக் குழு நலம் பெற்றது. ஆனால் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய உளத்துயர அறிகுறிகள், சிகிச்சை பெற்ற சிறுமியரைவிடக் காத்திருந்த சிறுமியரிடம் மிகுதியாகக் குறைந்திருந்தன. காத்திருப்புக் குழு இல்லாதிருந்தால், சிகிச்சை பெற்ற சிறுமியரிடம் கண்ட சிறு குறைவையும் திட்டத்தின் வெற்றியாகவே அறிக்கை பதிந்திருக்கும். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் உதவி, தானே நிகழ இருந்த தேறுதலைத் தடுக்கவும் கூடும் என்பதைக் காட்ட வல்லது எதிரேடு ஒன்றே.

போலி

மருந்து ஆய்வில் உள்ளீடற்ற மாத்திரையைக் கொடுத்து ஒப்பிடுவர். அதன் ஆங்கிலப் பெயரான ‘பிளாசிபோ’, இலத்தீனில் ‘மகிழ்விப்பேன்’ என்று பொருள்படும். தமிழில் ‘போலி மருந்து’, ‘மருந்துப்போலி’ என்பன வழங்குகின்றன. முன்னது ஆகாது. போலி மருத்துவர், போலி மருந்து என்பன நாளிதழ்களில் குற்றச்செய்திக்கு உரியன. பின்னதோ இலக்கணம் அறிந்தார்க்கு இனிமையானது. பந்தல் பந்தர் ஆவது போல ஓர் எழுத்தின் இடத்தில் மற்றோர் எழுத்து நின்றும் பொருள் மாறாமையை இலக்கண நூலார் போலி என்றனர். வஞ்சனை இல்லாத அப்பழம்பொருளைத் தமிழ் மாணவர் அறிவர். மருத்துவமனைக்கு வருவோர் அனைவரும் அறிவர் என எதிர்பார்க்க இயலாது.

உளச்சிகிச்சையில் போலி என்பது மேலும் இடர்ப்பாடுடையது. உள்ளீடற்ற மாத்திரையைச் செய்யலாம். உள்ளீடற்ற உரையாடலைச் செய்வது எப்படி? மேடையச்சம் உடைய கல்லூரி மாணவரிடம் கோர்டன் பால் நடத்தி 1966இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி கண்டது. முறையான அச்சநீக்கப் பயிற்சி பெற்றோர், உட்காட்சி வழிச் சிகிச்சை பெற்றோர், எதுவும் பெறாதோர் ஆகியோரோடு ‘கவனிப்புப் போலி’ பெற்றோர் எனவும் ஒரு குழு அமைந்தது. அவர்கள் சிகிச்சையாளரைச் சந்தித்தனர். அமைதி தரும் மருந்து என்று சொல்லி ஒரு மாத்திரை தரப்பட்டது. மனநெருக்கடியைத் தாங்கப் பழக்குவது என்று சொல்லி ஒரு செயல் செய்விக்கப்பட்டது. சிகிச்சைக்குரிய நுட்பம் தவிர்ந்த அன்பும் நேரமும் நம்பிக்கையும் அவர்களுக்குக் கிடைத்தன. அச்சநீக்கப் பயிற்சி இக்குழுவையும் விஞ்சியதால் அதன் நுட்பத்திற்கே உரிய பயன் உண்டென்பது பெறப்பட்டது. ஆயினும் அன்பையும் நேரத்தையும் ‘போலி’ என்னும் சொல்லில் அடக்கலாமா என்னும் ஐயம் எஞ்சுகிறது. துயருற்றவர்க்கு அவையே மருந்தின் பாதி என வாதிடுவோர் துறைக்குள்ளேயே உளர். ‘கவனிப்புக் குழு’ என்று மட்டும் எழுதின் இவ்வழக்கில் மொழிபெயர்ப்பாளர் ஒருபக்கம் சாராது தப்பலாம்.

வழக்கம் என்பது எவ்வூர் வழக்கம்?

வகைகள் அனைத்தினும் மொழிபெயர்ப்பாளரை மிகுதியும் ஏமாற்ற வல்லது ‘வழக்கமான சிகிச்சை’ பெறும் குழு. ஆய்வு நடைபெறாவிடின் அவ்விடத்தில் ஒருவர்க்கு என்ன கிடைக்குமோ அதுவே இக்குழுவுக்குக் கிடைப்பது. இலண்டனில் அது பயிற்சி பெற்ற உளவியலாளரோடு பல அமர்வுகளாக இருக்கலாம். சிற்றூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம். இரண்டிற்கும் பெயர் ஒன்றே.

உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் தற்கொலைக்கு முயன்றோரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு இதனை ஆழ்ந்து நோக்கத் தூண்டுகிறது. சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கரஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில் 1,867 பேர் அதில் இடம்பெற்றனர். ஒரு குழுவினர் அந்தந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவு வழக்கப்படி தரும் சிகிச்சையைப் பெற்றனர். மற்றவர்க்கு அதனோடு, வீடு திரும்புமுன் ஒரு மணிநேரத் தனி உரையாடலும், பதினெட்டுத் திங்களுக்குள் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் உசாவலும் கூட்டப்பட்டன. பதினெட்டாம் திங்களின் முடிவில் வழக்கச் சிகிச்சைக் குழுவில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருந்தனர். மற்றைக் குழுவில் 0.2 விழுக்காட்டினர்.

இம்முடிவு எதனை நிறுவுகிறது? உரையாடலின் உள்ளடக்கம் உயிர் காத்ததா, யாரோ ஒருவர் மறவாது தேடி வந்தமை காத்ததா என்பதை இவ்வமைப்பால் பிரித்தறிய இயலாது. அதற்குக் கவனிப்புக் குழு ஒன்று வேண்டியிருக்கும். ஆனால் மருத்துவமனையை நடத்துவோர் கேட்கும் வினா அதுவன்று. இப்போது செய்வதோடு இதனையும் சேர்த்தால் இறப்பு குறையுமா என்பதே அவர்கள் வினா. அதற்கு வழக்கச் சிகிச்சையே பொருத்தமான எதிரேடு. ‘ஏன்’ என்னும் வினாவுக்கும் ‘செய்யலாமா’ என்னும் வினாவுக்கும் வெவ்வேறு குழுக்கள் தேவை. இவ்வாய்வைத் தமிழில் தரும் ஒருவர் ‘கட்டுப்பாட்டுக் குழுவைவிடக் குறைந்த இறப்பு’ என எழுதி நிறுத்திவிட்டால், எவ்வினாவுக்கு விடை கிடைத்தது என்பதே படிப்பவர்க்குத் தெரியாமற் போகும். நஞ்சை நீக்கி, காயத்தை ஆற்றி அனுப்புவதும் வழக்கச் சிகிச்சை எனப்படலாம் என்பதையும் அவர் அறியமாட்டார்.

வழக்கம் மிகவும் வறியதாக இருக்குமிடத்து அதனைச் சற்று உயர்த்திய பின்னரே ஒப்பிடுதல் அறம் எனக் கருதப்படுகிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு உடைய 495 பேரிடம் விக்ரம் பட்டேலும் பிறரும் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில் அவ்வாறு செய்யப்பட்டது. நோய் கண்டறியும் வினாக்களின் முடிவு மருத்துவர்க்குத் தெரிவிக்கப்பட்டு, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு நெறிகளும் அவர்களுக்கு வழங்கப்பட்டன. இதனையே ‘மேம்படுத்திய வழக்கச் சிகிச்சை’ என்றனர். அதோடு, முறைசார் மருத்துவப் பயிற்சி இல்லாத உள்ளூர் ஆலோசகர் தந்த சிகிச்சையும் பெற்றவருள் 64 விழுக்காட்டினர் மூன்றாம் திங்களில் நோய் தணிந்திருந்தனர்; மேம்படுத்திய வழக்கச் சிகிச்சை மட்டும் பெற்றோருள் 39 விழுக்காட்டினர். ‘மேம்படுத்திய’ என்னும் அடைமொழி இங்கு அணியன்று. அதனை நீக்கினால், கோவாவின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இயல்பாகவே 39 விழுக்காட்டினர் தேறுவர் என்னும் தவறான செய்தி தமிழில் பிறக்கும்.

தமிழ்நாட்டையும் ஒரு களமாகக் கொண்டு, மனச்சிதைவு நோயர் 282 பேரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்விலும் வழக்கச் சிகிச்சையே எதிரேடு. ஆங்கு அதன் பெயர் ‘நிலையம் சார்ந்த சிகிச்சை’. 187 பேர்க்கு அதனோடு சமூகப் பணியாளரின் இல்லவழிக் கவனிப்பும் சேர்க்கப்பட்டது. 95 பேர்க்கு நிலையச் சிகிச்சை மட்டும். குழுக்கள் எண்ணிக்கையில் சமமாக இருத்தல் வேண்டும் என்னும் பொதுக்கருத்து சரியன்று என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மற்றொரு சிகிச்சையே எதிரேடாகும்போது

எதிரேடாக நிற்கும் குழுவுக்கும் முழுமையான சிகிச்சை ஒன்றைத் தருவது உண்டு. 2004 திசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குச் சில வாரங்களின் பின், இலங்கையின் வடகிழக்கில் அமைந்த முகாம்களில் தமிழ்ச் சிறார் 31 பேரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு அத்தகையது. ஒரு சாரார் தம் வாழ்வையும் அதில் நேர்ந்த கொடுமைகளையும் வரிசைப்படக் கதையாகச் சொல்லும் சிகிச்சையைப் பெற்றனர். மற்றவர் தியானமும் உடல்தளர்வுப் பயிற்சியும் பெற்றனர். இரண்டையும் தந்தோர் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகரே. ஆறு திங்களின் பின் முன்னையோருள் 81 விழுக்காட்டினரும் பின்னையோருள் 71 விழுக்காட்டினரும் தேறியிருந்தனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

‘வேறுபாடு இல்லை’ என்னும் தொடருக்கு இங்கே இரு பொருள் உண்டு. இரண்டும் ஒத்த பயன் தந்தன என்பது ஒன்று. காலம் ஒன்றே இரு சாராரையும் தேற்றியிருக்கலாம் என்பது மற்றொன்று. எதுவும் பெறாத மூன்றாம் குழு இல்லாமையால் இரண்டில் எது என உறுதி கூற இயலாது. பேரழிவின் நடுவே சிறாரைச் சிகிச்சையின்றி விடுவது தகாது என்பது அவ்வமைப்புக்கு நியாயம்; அதன் விலை இத்தெளிவின்மை. ஐரோப்பிய நகரொன்றில் தியானப் பயிற்சி கவனிப்புப் போலியாக நிற்கக்கூடும். கோயிலும் விரதமும் அன்றாடமாக உள்ள மக்களிடம் அது வேர்கொண்ட சிகிச்சையாகவே செயற்படலாம். ஒரு குழு எவ்வகையைச் சேர்ந்தது என்பதும் நிலத்துக்கு நிலம் மாறும் போலும்.

இச்சிக்கலைத் தீர்க்க மூன்று குழுக்கள் அமைப்பர். பெங்களூர் தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தில் மனச்சிதைவு நோயரிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், மருந்தோடு யோகாசனம் செய்வோர், உடற்பயிற்சி செய்வோர், காத்திருப்போர் என மூவகையினர் இருந்தனர். யோகம் எதுவும் செய்யாமையினும் மேலா என்பதையும், யோகத்திற்கே உரிய பயன் உண்டா அன்றி எவ்வுடற்பயிற்சியும் போதுமா என்பதையும் இவ்வமைப்பு தனித்தனியே கேட்க வல்லது.

ஒரு சிகிச்சையின் கூறுகளுள் ஒன்றை நீக்கி எஞ்சியதை எதிரேடாக நிறுத்தும் முறையும் உண்டு. இதனைக் ‘கூறுநீக்கக் குழு’ எனலாம். ஜேக்கப்சனும் பிறரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுக்கான முழு அறிகைச் சிகிச்சைக்கு எதிராக, அதன் ஒரு கூறாகிய செயலூக்கம் மட்டும் தனியே நிறுத்தப்பட்டது. கூறு முழுமைக்குத் தாழவில்லை. எதிரேடாக நின்ற அக்கூறே பின்னர்த் தனிச் சிகிச்சையாக வளர்ந்தது. மேலே கூறிய கோவா ஆய்வில் வழங்கப்பட்ட சிகிச்சைக்கும் அடிப்படை அதுவே.

அண்டை வீட்டார்

ஐதராபாத்தின் மல்லாபூர் போன்ற தொழிற்பேட்டைப் பகுதி ஒன்றைக் கருதுக. தெலுங்கு, இந்தி, உருது, தமிழ் எனப் பல மொழியினர் ஒரே வளவில் குடியிருப்பர். அங்கு ஒரு வீட்டார் சிகிச்சைக் குழுவிலும் அடுத்த வீட்டார் காத்திருப்புக் குழுவிலும் அமைந்தால், கற்றதை மாலைக்குள் பகிர்ந்துகொள்வர். இரு குழுக்களும் கலந்துவிடும். இதனைத் தவிர்க்கத் தனியாளை விட்டுத் தெரு, பள்ளி, சிற்றூர், முகாம் எனத் தொகுதி தொகுதியாகப் பிரிப்பர். தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழ் ஏதிலியர் வாழும் இரு முகாம்களில் தற்கொலைத் தடுப்பு முயற்சி ஒன்றை இலட்சுமி விஜயகுமாரும் பிறரும் மேற்கொண்டு 2017இல் வெளியிட்டனர். ஒரு முகாமில் தன்னார்வலர் தொடர்புகொண்டு பாதுகாப்புத் திட்ட அட்டை வழங்கினர், மற்றது எதிரேடு. கலப்பு நேராது என்பது இதன் நன்மை. பக்கத்திற்கு ஒரு முகாமே இருப்பின், முகாம்களிடையே முன்னரே உள்ள வேற்றுமையும் சிகிச்சையின் விளைவும் பிரித்தறிய அரியன என்பது இதன் குறை.

பன்மொழிப் பகுதியில் வேறொரு கலப்பும் நிகழும். அது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு. ஒரே ஆய்வின் தெலுங்குப் படிவம் ‘நீங்கள் பின்னர்ச் சிகிச்சை பெறுவீர்கள்’ என்றும், தமிழ்ப் படிவம் ‘நீங்கள் காத்திருப்போர் பட்டியலில் உள்ளீர்கள்’ என்றும் கூறுமாயின், குடிப்போர் ஆய்வு காட்டியபடி, இரு மொழியினரும் இருவேறு ஆய்வுகளில் பங்கேற்றவர் ஆவர்.

இரு நடைகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு அறநெறி வழிகாட்டி, பங்கேற்பாளர்க்குத் தரும் செய்தி அவர்க்கு விளங்கும் மொழியில் எளிமையாக இருத்தல் வேண்டும் என்கிறது. மொழிபெயர்ப்பு சரியா எனக் காண, பெயர்த்ததை வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்க்கச் செய்து ஒத்துப்பார்ப்பது பெருவழக்கு. மூலத்திற்கு ஓர் எதிரேடு வைப்பது என்ற அளவில் இதுவும் ஒரு ‘கண்ட்ரோல்’ தான். ஆயின் இச்சோதனை கலைச்சொற்களிடம் தோற்றுவிடுகிறது. ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்பது ‘கண்ட்ரோல் குரூப்’ என்றே திரும்பிவரும். ‘காத்திருப்போர் பட்டியல்’ என்பது ‘வெயிட்டிங் லிஸ்ட்’ என்றே வரும். அறநெறிக் குழுவினர் ஒப்பமிடுவர். இடையில் படிப்பவர் அதனை எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பதை மீள்பெயர்ப்பு காட்டாது. படிவத்தைப் படித்தவரிடம் ‘உங்களுக்கு என்ன நடக்கும் என்பதை உங்கள் சொல்லில் கூறுங்கள்’ என்று கேட்பதே அதனைக் காட்டும்.

ஆகவே ஆய்வுக் கட்டுரைக்கும் ஒப்புதல் படிவத்திற்கும் வெவ்வேறு நடை வேண்டப்படுகிறது. கட்டுரையில் அடைமொழியோடு கூடிய கலைச்சொல் தேவை: காத்திருப்புக் கட்டுப்பாட்டுக் குழு, மேம்படுத்திய வழக்கச் சிகிச்சைக் கட்டுப்பாட்டுக் குழு என்பன நீளமாயினும் துல்லியமானவை. படிவத்தில் கலைச்சொல்லே வேண்டா, வாக்கியம் போதும். காத்திருப்பு அமைப்புடைய ஓர் ஆய்வுக்கு அது இவ்வாறு அமையலாம்: ‘இந்தப் பயிற்சியால் நன்மை உண்டா என்பது இன்னும் தெரியாது. அதை அறியவே இந்த ஆய்வு நடக்கிறது. இதில் சேர்பவர்களில் பாதிப் பேருக்கு இப்போதும், மீதிப் பேருக்கு மூன்று மாதம் கழித்தும் பயிற்சி தருவோம். யாருக்கு எப்போது என்பதை நாங்களோ நீங்களோ தேர்ந்தெடுப்பதில்லை. சீட்டு எடுப்பதுபோல் கணினி முடிவு செய்யும். மூன்று மாதம் கழித்துப் பெறுபவர்களுக்கும் பயிற்சி உறுதியாகக் கிடைக்கும். அதுவரை நீங்கள் இப்போது எடுத்துவரும் மருந்தையோ வேறு உதவியையோ நிறுத்த வேண்டியதில்லை. புதிதாக உதவி தேடவும் தடையில்லை.’ இதன் கடைசி வாக்கியம் ஆங்கில மூலத்தில் இல்லாமலும் இருக்கலாம். மூலத்தில் இல்லாத அதனைச் சேர்க்குமாறு ஆய்வாளரிடம் கேட்கும் உரிமை மொழிபெயர்ப்பாளர்க்கு உண்டா என்பது அறநெறிக் குழுக்கள் இன்னும் எடுத்துப் பேச வேண்டிய ஒன்று.